"தொடாதே" என்று எழுதிய குழாய்

நான் லேசில் யாரையும் நம்பாத ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இனி நான் சொல்லப்போவது முழுக்க அந்தக் குணத்தால் வந்த வினை.

கோவையில் ஒரு டயர் கடையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் போர்மேன். போன தை மாதம் ஓய்வு பெற்றேன். "இப்பத்தானுங்க காத்துப் புடிச்சேன்" என்று வண்டிக்காரர் சொல்லும்போதே என் கை காற்று மானியைத் தேடிப் போய்விடும். "நட்டெல்லாம் டைட் வெச்சாச்சுங்க" என்று கூட வேலை செய்பவர் சொன்னால், அவர் டீ குடிக்கப் போனதும் நான் ஸ்பேனரை எடுத்து இன்னொரு சுற்று வருவேன். வீட்டிலும் அப்படித்தான். கேஸ் அடுப்பை அணைத்தாயிற்றா என்று மனைவியைக் கேட்க மாட்டேன், நானே எழுந்துபோய்ப் பார்ப்பேன். "உங்களக் கட்டுனதுக்கு ஒரு போலீஸ்காரரக் கட்டியிருக்கலாம், அவராவது டூட்டி முடிஞ்சு ஊட்டுக்கு வந்தா சும்மா இருப்பாரு" என்று அவள் சொல்லாத வாரம் கிடையாது.

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், சக்கரத்துக்குள் இருந்து காற்றை அளக்கும் சென்சரைப் பற்றிக் கேட்கிறீர்கள். எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்பதைப் படம் போட்டுச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அது பத்து நாளில் கைக்கு வந்துவிடும். அந்தச் சென்சரை வைத்து நான் செய்த ஒரு தப்பையும், அதற்காக நான் யார்மீது பழி போட்டேன் என்பதையும் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

துரைசாமி என்னோடு பதினோரு வருடம் வேலை செய்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவர், வேலையில் என்னைவிட ஒரு படி மேல். டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும்போது ரிம்மில் ஒரு கீறல் விழாது. அவர் இறுக்கிய நட்டை மட்டும் நான் மறுபடி இறுக்கிப் பார்க்காமல் விட்ட நாட்கள் உண்டு. என் கணக்கில் அது பெரிய மரியாதை. நான் போர்மேன் ஆன பிறகும் அவரை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவேன், அவரும் என்னை அப்படித்தான்.

சென்சர் வைத்த கார்கள் அப்போதுதான் கடைக்கு வர ஆரம்பித்திருந்தன. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வின் அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சர். ஓட்டுபவருக்கு முன்னால் இருக்கும் மீட்டரில் நாலு சக்கரத்தின் காற்றும் நாலு எண்ணாகத் தெரியும். வண்டிக்காரர் பழைய ரிம்மை மாற்றி அலாய் வீல் போட வந்தால், பழையதிலிருந்து சென்சரைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். எல்லாம் மாட்டி, டயரேற்றி, காற்றும் பிடித்த பிறகு சென்சர் செத்துக்கிடப்பது தெரிந்தால் என்ன ஆகும்? மறுபடி அத்தனையையும் பிரிக்க வேண்டும். போதாததற்கு வண்டிக்காரர், "நல்லாத்தானுங்க இருந்துச்சு, உங்க கையிலதான் போயிருச்சு" என்பார்.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நம் ஊரில் பம்புக்கும் பைப்புக்கும் பஞ்சமா? தோட்டத்துக் கிணற்றில் இறக்கும் தடித்த பி.வி.சி. பைப்பில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைச் சொல்யூஷன் போட்டு ஒட்டி அடைத்தேன். மறுமுனையில் திருகித் திறக்கிற மூடி. நடுவில் ஒரு டியூப் வால்வு. கழற்றிய சென்சர்களை உள்ளே போட்டு, முப்பத்து மூன்று பாயிண்ட் காற்றுப் பிடித்து, குழாயை டிக்கியில் வைத்துக்கொண்டு வண்டியை ஒரு ரவுண்டு விட்டால், உயிரோடிருக்கும் சென்சரெல்லாம் மீட்டரில் 33 என்று ஆஜர் கொடுக்கும். பிறகு நிம்மதியாகச் சக்கரத்தில் மாட்டலாம். சில வண்டிகளில் சக்கரம் சுற்றாவிட்டால் சென்சர் தூங்கிவிடும், அவற்றில் இது பலிக்காது. இப்போது இதற்கென்று கருவியே வந்துவிட்டது, அதையே வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் குழாயில் காற்றடைப்பது ஆபத்து. வெடித்தால் கண் போய்விடும்.

என் குழாயை யாராவது எடுத்துக்கொண்டுபோய் வேறு எதற்காவது அறுத்துவிடுவார்களோ என்று எனக்குச் சந்தேகம். சிவப்புப் பெயின்டை எடுத்து அதன்மேல் கொட்டை எழுத்தில் எழுதினேன்: தொடாதே.

துரைசாமி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஏனுங்க போர்மேன், நம்மூர்ல நாயத் தொரத்தறப்பக்கூட 'போங்க'ம்பாங்க. 'தொடாதீங்க'ன்னு எழுதப்படாதுங்களா?"

"குழாயில எடமில்லீங்க" என்றேன்.

"எடமெல்லாம் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார்.

ஓர் ஆயுத பூஜை முடிந்து கடை திறந்த அன்று, குழாய் தொங்கும் ஆணியில் குழாயைக் காணோம். கடை முழுக்கத் தேடினேன். கம்ப்ரசருக்குப் பின்னால், பழைய டயர் அடுக்கில், மொட்டை மாடியில் எங்கும் இல்லை. அதே வாரம் எதிர்ச்சாரியில் இருந்த இன்னொரு டயர் கடையில் 'இங்கு சென்சர் வேலை செய்யப்படும்' என்று புது போர்டு தொங்கியது. அந்தக் கடைக்காரரோடு துரைசாமி பேக்கரியில் நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பூஜைக்கு முந்தின வாரம்தான் நான் பார்த்திருந்தேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. தெரியாததைத்தான் நான் மிக வேகமாக நிரப்பிக்கொண்டேன். எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, ஆறேழு பேர் முன்னால், அவரிடம் கேட்டேன்.

"குழாய எங்க குடுத்த? நீதான எடுத்த?"

துரைசாமி சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுவே குற்றத்துக்கு அத்தாட்சி என்று நினைத்தேன், பாருங்கள் என் புத்தியை.

"எடுத்தீங்களான்னு கேட்டிருந்தா, இல்லீங்கன்னு சொல்லியிருப்பேனுங்க" என்றார். "எடுத்தியான்னு கேட்டுப்போட்டீங்க. இனி நான் என்னத்தச் சொல்றதுங்க?"

சாப்பாட்டை முடிக்காமல் டிபன் டப்பாவை மூடினார். தன் சொந்த ஸ்பேனர் இரண்டைத் துணியில் சுற்றிக்கொண்டார். "வாரேனுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் கடைக்கு வரவில்லை.

கதை கடை கடையாகப் பரவியது. பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு. கைச்சுத்தம் இல்லாதவர் என்று பெயர் வந்தவரை நம் தொழிலில் யார் சேர்ப்பார்கள்? எதிர்க் கடைக்காரர்கூடச் சேர்க்கவில்லை. அதுவாவது என்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும். 'மாட்டிக்கொள்வோம் என்று பயந்து கழற்றிவிட்டார்கள்' என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். ஐம்பத்தைந்து வயதில் துரைசாமி குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் போய்ப் பஞ்சர் கடை போட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நாலு வருடம் போயிற்று. நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது, சத்தியமங்கலத்திலிருந்து ஓர் ஆசிரியை தன் காரோடு வந்தார். பெயர் சுமதி. திம்பம் மலைக்கு மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. தினமும் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குகிறவர். கூடவே இரண்டு ஆசிரியைகளையும் ஏற்றிக்கொள்வார்.

"ஏனுங்ணா, இந்த மீட்டர நம்பலாமுங்களா?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எனக்கு அவரை உடனே பிடித்துப்போய்விட்டது.

"என்னாச்சு சொல்லுங்க அம்மணி."

"போன வாரம் மலையெறங்கீட்டிருந்தனுங்க. ஒரு வளைவுல வண்டி இடது பக்கமா இழுத்துட்டுப் போகுது, ஸ்டீரிங் எங்கையில நிக்கவே இல்லீங்க. பின்னால கரும்பு லாரி. எப்படியோ ஓரங்கட்டி எறங்கிப் பாத்தா முன் டயரு ரிம்மோட ஒட்டிக் கெடக்குதுங்க. மீட்டர்ல மட்டும் முப்பத்தி மூணு! செகண்ட்ஸ்ல வாங்கறப்பவே இந்த மீட்டர் இருக்குதுன்னுதான் வாங்குனேன். தினமும் காலைல அதப் பாத்துட்டுத்தான் மலையேறுவேன்."

பஞ்சர் ஒட்டிவிட்டு ஷோரூமுக்குப் போயிருக்கிறார். சாஃப்ட்வேர் கோளாறாக இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்களாம்.

டயரைத் தடவிப் பார்த்தேன். நடுவில் பட்டன், அதாவது ரோட்டில் பதியும் ரப்பர் கட்டைகள், புதுசாக இருந்தது, இரண்டு ஓரமும் மழுங்கியிருந்தது. மாதக்கணக்கில் குறைந்த காற்றோடு ஓடிய டயர்தான் இப்படித் தேயும். டயர் ஒன்று சொல்கிறது, மீட்டர் வேறொன்று சொல்கிறது. டயருக்குப் பொய் சொல்லத் தெரியாது. முன் இடது சக்கரத்தில் வேண்டுமென்றே பத்து பாயிண்ட் இறக்கிவிட்டு, மெதுவாக ஒரு ரவுண்டு போய்வந்தேன். மீட்டரில் நாலும் 33. வண்டியை ஒரு பக்கம் வெயில் படுகிற மாதிரி நிறுத்திவிட்டு அரைமணி நேரம் கழித்துப் பார்த்தேன். நாலும் 34. வெயில் படாத பக்கம் எப்படி ஏறும்?

டயரைப் பிரிக்கச் சொன்னேன். உள்ளே சென்சர் இல்லை. சாதாரண ரப்பர் வால்வு மட்டும்தான் இருந்தது. மற்ற மூன்றிலும் அதே கதை.

"விக்கிறதுக்காக எவனோ மீட்டர்ல கை வெச்சிருக்கானுங்க" என்றார் எங்கள் ஆட்களில் ஒருவர். எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான். வண்டியை விற்ற ஈரோட்டு புரோக்கர், அவருக்குக் கொடுத்த முதல் சொந்தக்காரர், சாஃப்ட்வேர் என்று கைகழுவிய ஷோரூம் என்று மனசுக்குள் வரிசையாக நிற்க வைத்தேன். சுமதி அதற்குள் புரோக்கருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துச் சண்டையே ஆரம்பித்துவிட்டார்.

நான் அந்த 34-ஐயே யோசித்துக்கொண்டிருந்தேன். நாலு எண்ணும் சேர்ந்தே ஏறுகிறது என்றால் நாலு சென்சரும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. எங்கே? டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினேன். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், உருளாமல் இருக்கச் சாக்குத்துணி சுற்றி இறுக்கி, ஒரு முழம் பைப் கிடந்தது. துணி விலகிய இடத்தில் சிவப்பு எழுத்து.

தொடாதே.

சுமதி போனைக் காதிலிருந்து இறக்கி எட்டிப் பார்த்தார். "அதுங்களாண்ணா? அது வண்டியோடவே வந்துச்சுங்க. தொடாதேன்னு எழுதியிருந்துச்சா, கம்பெனி சாமான்னு நெனச்சுட்டேன். டிக்கி தொடைக்கறப்பக்கூட அத அசைக்க மாட்டேனுங்க."

வண்டியின் முதல் சொந்தக்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார், புரோக்கரும் அப்படித்தான். எழுத்துக்கு அவ்வளவு மரியாதை.

ஒரு நிமிடத்தில் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள். கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். ஈரோட்டுக்காரர் ஒருவர் டயரோடு சேர்த்தே அலாய் வீல் கொண்டுவந்திருந்தார். பழைய சக்கரத்திலிருந்து நாலு சென்சரையும் கழற்றிக் குழாயில் போட்டது நான். வண்டி நகர்வதற்காக அலாய் வீல்களைச் சென்சர் இல்லாமல் அப்படியே மாட்டச் சொன்னது நான். சாக்கைச் சுற்றி டிக்கியில் வைத்து, ரவுண்டு போய்வந்து, வேலைச் சீட்டில் 'சென்சர் ஓகே' என்று எழுதியதும் நான். சென்சர் உயிரோடிருக்கிறது என்ற அர்த்தத்தில் எழுதினேன். அப்போது கரண்ட் போயிற்று, கம்ப்ரசர் நின்றது, நாலு பேர் நாலு பக்கம் கூப்பிட்டார்கள். கரண்ட் வந்தபோது அந்த வண்டிக்காரர் அவசரமாக வந்து நின்றார். சீட்டைப் பார்த்தேன், ஓகே. மீட்டரைப் பார்த்தேன், 33. சாவியைக் கொடுத்துவிட்டேன். ஊரில் உள்ளவர்கள் கையெழுத்தையெல்லாம் சந்தேகப்பட்டவன் என் கையெழுத்தை நம்பிவிட்டேன்.

அந்த நேரத்தில் அங்கே நின்றவர்களில் அந்த எழுத்து யாருடையது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். பழைய ஆட்கள் யாரும் அன்றைக்குக் கடையில் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், பழி தானாக ஈரோட்டுக்குப் போய்விடும். இரண்டு மாதத்தில் மாலை போட்டு வழியனுப்பப் போகிறார்கள். உண்மையைச் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

போனில் புரோக்கரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "நான் எடுக்கவும் இல்லீங்க, வெக்கவும் இல்லீங்க. நம்புங்க டீச்சர். இல்லீங்க... இல்லீங்க..."

துரைசாமி சொல்லாமல் விட்டுப்போன 'இல்லீங்க' அது. என்னால் அதற்குமேல் கேட்க முடியவில்லை.

"போன வெச்சுருங்க அம்மணி. அவரு செய்யல. இது நான் செஞ்சதுங்க."

சுமதி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேணும்னேங்களா?"

"வேணும்னு செய்யலீங்க. டெஸ்ட் பண்ண வெச்சேன். எடுக்க மறந்துட்டேனுங்க."

"மறந்துட்டீங்களா? அந்த வளைவுல நாங்க மூணு பேரு இருந்தோமுங்ணா."

வால்வை அழுத்திக் குழாயின் காற்றை இறக்கி, மூடியைத் திருகித் திறந்தேன்.

நாலு சென்சரையும் நானே என் கையால் சக்கரங்களில் மாட்டினேன். ஒவ்வொரு சக்கரமாக ஐந்து பாயிண்ட் இறக்கி, வண்டியை ஓட்டி, மீட்டரில் அதே சக்கரத்தின் எண் இறங்குகிறதா என்று பார்த்தேன். அன்றைக்கு இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சுமதி என் கையிலிருந்த காற்று மானியை வாங்கி, புடவையைச் செருகிக்கொண்டு, நாலு சக்கரத்தையும் குந்தி உட்கார்ந்து அளந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். என் வேலையை என் கண்ணெதிரே ஒருவர் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஆகவே நீங்கள் சந்தேகப்படுவதை நான் தடுக்கப்போவதில்லை. அலாய் வீல் மாற்றினால் மீட்டரை நம்பாதீர்கள், காற்றை இறக்கிப் பாருங்கள். நாலு எண்ணும் ஒட்டிப் பிறந்ததுபோல ஒன்றாக ஏறி இறங்கினால் டிக்கியைத் திறந்து பாருங்கள். சீட்டில் வெறும் 'ஓகே' எழுதாதீர்கள், எது ஓகே என்று எழுதுங்கள். ஒரு பொருள் காணாமல் போனால், கடைசியாக அதைத் தொட்டது யார் என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் அந்த வரிசையில் என்னை மட்டும் நிற்க வைக்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழாயைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பொள்ளாச்சி பஸ் ஏறினேன். துரைசாமியின் கடை ஊருக்கு வெளியே, தேங்காய் லோடு வண்டிகள் போகிற ரோட்டில் இருந்தது. டிராக்டர் டயர் ஒன்றைச் சாய்த்துவைத்து ஆணி தேடிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க" என்றார். அந்த 'ங்க' எனக்குச் சுருக்கென்றது.

உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஆயுத பூஜையிலிருந்து ஈரோட்டு புரோக்கர் வரை. "தப்பு முழுக்க என்னுதுங்க. நீங்க எடுக்கலீங்க. ஒவ்வொரு கடையா ஏறி எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டுத்தான் வந்திருக்கேனுங்க. என்னைய மன்னிச்சுருங்க" என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு குழாயை வாங்கினார். ஒட்டிய முனையைக் கட்டைவிரலால் தடவினார்.

"நாலு வருசமா காத்து எறங்கலீங்களா?"

"எறங்கலீங்க."

"நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க" என்றார்.

பிறகு உள்ளே போனார். தேங்காய் லோடு வண்டி இரண்டு தாண்டிப் போயிற்று. டயரில் நம்பர் போட வைத்திருந்த மஞ்சள் பெயின்ட் டப்பாவும் பிரஷும் கொண்டுவந்து என் முன்னால் பெஞ்சில் வைத்தார். குழாயை எழுத்து மேலே தெரியும்படி திருப்பிப் பக்கத்தில் வைத்தார்.

"எடமிருக்குதுங்களான்னு பாருங்க" என்றார்.

'தே'யைச் சுரண்டி அழித்தேன். கோடு கொஞ்சம் கோணலாக வந்தது. 'தீங்க' என்று எழுதி முடித்தேன்.

இடம் இருந்தது.